ஆறாம் வட்டாரம்

இல்லை அண்ணை, உந்தக் கதிரையிலை வேண்டாம், ஒரு கால் ஆடும். இதிலை இருங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லை, உங்களுக்கும் சலரோகம் எண்டு கேள்விப்பட்டன். இவற்றை முப்பத்தொண்டாம் நாள் கிரியையும் முடிஞ்சுது. மகள் தனுஷாவும் நேற்றுக் கல்கரிக்குத் திரும்பிப் போட்டாள். இனி ஆரும் வரமாட்டினம்.

செத்தவீட்டுக்கு வந்து பின்னுக்கு நிண்டிட்டுப் போனியள், கண்டனான். கிட்ட வரேல்லை எண்டு நான் குறை சொல்லமாட்டன். நாலு வருசமா மனிசன் உங்களோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை, பேந்து என்னெண்டு வாறது?

ஓம், அதைக் கதைக்கத்தான் வரச்சொன்னனான். உங்களுக்குத் தெரிஞ்சதும் இருக்கு, தெரியாததும் இருக்கு. குறுக்கை மறிக்காமல் கேளுங்கோ. மறிச்சா நான் சொல்லமாட்டன்.

இவர் ஏன் இந்த நகரசபை விசயத்துக்குள்ளை இறங்கினவர் எண்டு நினைக்கிறியள், பெருமைக்கே? எங்கட ஆறு கட்டிடமும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், பஸ், நகரசபை எல்லாம் அந்தப் பக்கம். பாலத்தாலை சுத்தினா இருபத்தைஞ்சு நிமிசம். வேலியிலை வெட்டின ஓட்டைக்குள்ளாலை போனா மூண்டு நிமிசம். பிள்ளையள் எதாலை போகும்? ஒருநாள் றெயில் வரேக்கை ஒரு சின்னனைப் பள்ளிக்கூடப் பையிலை பிடிச்சு இவர் பின்னுக்கு இழுத்தவர். வீட்டை வந்து சோறு தொடேல்லை. அடுத்த கிழமை நகரசபைக் கூட்டத்துக்குப் போனார். தண்டவாளத்தைக் கடக்க ஒரு கடவை போட்டுத் தாங்கோ எண்டு கேட்டார்.

அங்கை தான் விளங்கினது. இது மொன்றியல் தீவுக்குள்ளை இருந்தாலும் தனி நகரசபை தானே. ஆறு கவுன்சிலர். ஆறு பேரையும் ஊர் முழுக்கச் சேந்து தெரிவு செய்யிறது. ஆறு பேரும் அந்தப் பக்கத்துச் சொந்த வீட்டுக்காரர். இவரும் ரெண்டு தரம் நிண்டு பாத்தார். எங்கட கட்டிடங்கள் முழுக்க இவருக்குத்தான் போட்டது, ஆனா அந்தப் பக்கம் அஞ்சு மடங்கு சனம். என்னெண்டு வெல்லுறது?

அப்ப நீங்கள் தான் சொன்னியள். யாழ்ப்பாணத்திலை மாதிரி இஞ்சையும் வட்டாரமாப் பிரிச்சு, அந்தந்த வட்டாரம் தன்ர ஆளைத் தெரிஞ்செடுத்தா என்ன மகேந்திரராசா எண்டு. ஞாபகம் இல்லையே? இந்த ஹோலுக்குள்ளை வைச்சுச் சொன்னியள். அது உங்கட வாயாலை வந்த கதை.

பேந்து எட்டு வருசம். பனிக்குள்ளை ரெண்டு பேரும் கதவு கதவாத் தட்டிக் கையெழுத்து வாங்கினியள். சட்டத்தை வாசிக்கவெண்டே அறுபது வயசிலை பிரெஞ்சு படிச்சவர். கடைசியா ஊரை ஆறு வட்டாரமாப் பிரிச்சு, எங்கட பக்கம் ஆறாம் வட்டாரம் எண்டு கடிதம் வந்த அண்டைக்கு, நீங்கள் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையள் மாதிரிக் கட்டிப்பிடிச்சு அழுதியள். நான் குசினி வாசல்லை நிண்டு பாத்தனான். எனக்கும் சந்தோசம் தான். பொய் சொல்லக்கூடாது.

இனி மனிசன் வீட்டிலை இருப்பார் எண்டு நினைச்சன் அண்ணை. எங்கை, ஆறாம் வட்டாரத்திலை நான் தான் நிப்பன் எண்டார். தனுஷாக்குப் பிள்ளை பிறக்கேக்கை நான் தனியத்தான் கல்கரிக்குப் போனனான், இவருக்குக் கூட்டம். நெஞ்சுக்குள்ளை ரெண்டு ஸ்டென்ட் வைச்சுப் பத்தாம் நாள் மைக்குக்கு முன்னாலை நிண்டவர். நீங்களும் சொல்லிப் பாத்தனீங்கள் தானே. நீ செய்தது காணும், கீழ்வீட்டு றொக்சன் நிக்கட்டும், கார்டெரியிலை சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை செய்யிற பிள்ளை, எல்லாத் தாய்மாரையும் தெரியும், பிரெஞ்சும் தண்ணிபட்ட பாடு எண்டு. இவருக்கு அது குத்திப்போட்டுது. பாடுபட்டது நான், கதிரை அவளுக்கோ எண்டார். நீங்களும் எழும்பிப் போட்டியள்.

கொரோனாக் காலத்து எலெக்சன். மாஸ்க்கோடை பள்ளிக்கூட மண்டபத்திலை வரிசை. றொக்சனுக்கு இருநூற்றுப் பதினாலு. இவருக்கு இருநூற்றுப் பதின்மூண்டு. நீதிபதி வைச்சுத் திரும்ப எண்ணியும் அதே ஒண்டு.

அண்டைக்கே உங்களைச் சொல்லிப்போட்டார், அந்த ஒரு வோட்டை மாத்திப் போட்டது சிவநேசம் தான் எண்டு. வாசல்லை நீங்கள் றொக்சனோடை சிரிச்சுக் கதைச்சதை ஆரோ கண்டிருக்கினம். உங்கட வீட்டுக்கு வந்து கத்தினது, உங்கட மனிசிக்கு முன்னாலை துரோகி எண்டது, எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் திருப்பி ஒரு சொல்லுச் சொல்லேல்லையாம். அதையும் குற்றமாத்தான் எடுத்தவர். செய்யாதவன் எண்டா ஏன் பேசாமல் நிண்டவன் எண்டு.

றொக்சன் கடவையைப் போடுவிச்சுப் போட்டாள். மூண்டாம் வருசம். மணி, கேற், வெளிச்சம் எல்லாத்தோடையும். திறப்புவிழாவுக்கு இவரைக் கூப்பிட வாசலுக்கு வந்தவள், இவர் அறைக்குள்ளாலை வெளியிலை வரேல்லை. கடைசி மட்டும் அதாலை ஒருநாளும் போகேல்லை. அந்த நெஞ்சோடை, பனிக்குள்ளை பாலத்தாலை சுத்திப் போவார். அதாலை நடந்தா அவளுக்கு வோட்டுப் போட்ட மாதிரி எண்டார்.

அழாதேங்கோ அண்ணை. இன்னும் முடியேல்லை.

ஆஸ்பத்திரியிலை, போறதுக்கு நாலு நாளைக்கு முதல், உங்களைக் கூப்பிடச் சொன்னவர். ஓம், உங்களைத்தான். ரெண்டு தரம் சொன்னவர். சண்டை பிடிக்க இல்லை. சிவநேசத்தைப் பாக்கோணும் போலை கிடக்கு, ஏன் அப்பிடிச் செய்தவன் எண்டு ஒருக்காக் கேட்டிட்டா மனம் ஆறிடும் எண்டு. நான் போனைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போய், கொஞ்சம் நிண்டிட்டு உள்ளை வந்து, எடுக்கிறார் இல்லை எண்டு சொன்னன். சரி, அவனுக்கு என்னிலை கோபம் தானே எண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

உங்கட போன் அடிக்கேல்லை. எனக்குத் தெரியும். நான் எடுக்கவே இல்லை.

நீங்கள் வந்திருந்தா சத்தியம் பண்ணியிருப்பியள். இவரும் நம்பியிருப்பார், உங்கட முகத்தைப் பாத்தா நம்பாமல் என்ன. பேந்து, அப்ப ஆர் எண்டு யோசிச்சிருப்பார். அதுதான் எனக்குப் பயம்.

அந்த ஒரு வோட்டை றொக்சனுக்குப் போட்டது நான் அண்ணை. நீங்கள் இல்லை. இந்தக் கட்டிடம் முழுக்க இவருக்குத்தானே போடும், என்ர ஒண்டாலை என்ன வரப்போகுது, எப்பிடியும் வெல்லத்தான் போறார், என்ர கோபத்தை ஒருக்கா இதிலை வைச்சிட்டுப் போவம் எண்டு, பென்சிலைப் பிடிச்சுக்கொண்டு அவ்வளவு தான் நினைச்சன்.