கத்தியிருந்தது யார்?

— பிழை என்ர பக்கம்தான், றுக்கியா. விசாரணையில அந்தப் பிரெஞ்சுக் கப்பல்காரன்ர கடுதாசியை நான் பிழையா வாசிச்சுப்போட்டன். அதுக்குத்தான் உம்மை வரச்சொல்லி ஆள் அனுப்பினனான்.

— என்ன கனகசுந்தரம் ஐயா சொல்றீங்க? எங்கட வீட்டுக்காரர வேலையால நிப்பாட்டிப் பதினொரு நாளாகுது. இப்ப வந்து பிழையெண்டா? கிண்ணியாவில இருந்து முதல் தோணியிலயே ஏறி வந்திருக்கன்.

— கதிரையில இரும், சொல்லுறன். பெட்டி இறக்கிற வின்ச்சில நிண்டவர் உம்மட முனாப். கீழ, கப்பல் வயித்துக்குள்ள நிண்டது தம்பிராசா. தேயிலைப் பெட்டிக்கட்டு இறங்கித் தம்பிராசாட கால் முறிஞ்சுபோச்சு. துரைமார் கேட்டது ஒரே கேள்விதானே? முனாப் விலகச் சொல்லி இறக்க முன்னம் கத்தினவரோ, இறக்கிப்போட்டுக் கத்தினவரோ எண்டு.

— ஓம். அவரிட்டக் கேட்டா, 'ஒண்டும் ஞாபகமில்ல' எண்டுறார். அந்தக் கடுதாசிதான் சாட்சியெண்டாங்க.

— கண்டீரோ! அதில 'வின்ச்காரன் இறக்கினான், மூண்டு தரம் கத்தினான்' எண்டு வாசிச்சன். ஆனா அதில கிடக்கிறது 'கத்தினான்' இல்ல, 'கத்தியிருந்தான்'.

— ரெண்டும் ஒண்டுதானே ஐயா?

— ஒண்டில்ல. 'இறக்கினான், கத்தினான்' எண்டா, இறக்கினாப் பிறகு கத்தினவன். 'இறக்கினான், கத்தியிருந்தான்' எண்டா, முன்னமே கத்திப்போட்டான். போன காலத்துக்கும் முந்திப் போன காலம். பிரெஞ்சுக்காரன் அதுக்கெண்டு தனியா ஒரு வாய்ப்பாடே வச்சிருக்கிறான்.

— போனது போனதுதானே. அதுக்கும் முந்தி ஒரு போனதா? எனக்குத் தலை சுத்துது.

— எனக்கும் சுத்தினதுதான். உலகச் சண்டைக் காலத்தில பாதிரியாரிட்டப் படிச்ச பிரெஞ்சு. இருபது வருஷத்துக்கு மேலாப் பாவிக்கயில்ல. துறைமுகத்தில வேற ஆளில்லையெண்டு என்னை இழுத்து விட்டவை. நேற்று அலுமாரிக்குள்ள இந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தாப் பிறகுதான் விளங்கினது. இப்பிடிக் கேக்கிறன். முனாப் வீட்டை வரேக்க நீர் சோறாக்கினீரோ, ஆக்கியிருந்தீரோ?

— ஆக்கியிருந்தன். வந்த கையோட அவருக்குச் சோறு வேணும்.

— அவ்வளவுதான் விஷயம்!

— அப்ப… அவர் கத்திப்போட்டுத்தான் இறக்கினவரா? அல்லாஹ்வே! இதத் துரைமாருக்குச் சொன்னா வேலை திரும்பக் கிடைக்குமா?

— நாளைக்கு முடிவு எழுத முதல் சொன்னாக் கிடைக்கும்.

— அந்தக் கடுதாசிய ஒருக்காப் பாக்கட்டா?

— பாரும். கார்பன் பிரதி. மடிப்பில ஒரு சொல்லுத் தேஞ்சுபோச்சு. அதுக்கு அடுத்ததுதான் நான் சொன்ன 'கத்தியிருந்தான்'.

— தேஞ்ச இடத்தில என்ன இருந்திச்சு?

— 'அவன்' எண்டு இருந்திருக்கும். முதல் வரி முழுக்க வின்ச்காரனைப் பற்றித்தானே? பிரெஞ்சில ஆளுக்கு ஆள் மாறும், கேளும். ஜ'அவே க்றியே, நான் கத்தியிருந்தன். து அவே க்றியே, நீ கத்தியிருந்தாய். இல் அவே க்றியே, அவன் கத்தியிருந்தான். நூஸ் அவியோன் க்றியே, நாங்கள் கத்தியிருந்தம்…

— நிப்பாட்டுங்க ஐயா. முதல் மூண்டும் 'அவே'தானே. ஆர் கத்தினதெண்டு என்னெண்டு தெரியும்?

— சத்தத்தில தெரியாது. எழுத்தில தெரியும். புத்தகத்தில பாரும், அந்த 'அவே'யில கடைசி எழுத்து மாறுது.

— ஓம். அஞ்சாம் வகுப்பில இங்கிலீசு எழுத்துப் படிச்சனான். 'அவன்' வரியில கடைசியா 'டீ' நிக்குது. 'நான்' வரியில 'எஸ்'.

— கெட்டிக்காரி.

— கடுதாசியில 'எஸ்' ஐயா.

— இல்லயே. மடிப்பு அப்பிடிக் காட்டும்.

— மடிப்பு இந்தப் பக்கம். அந்த எழுத்துத் தெளிவாக் கிடக்கு, பாருங்க.

— அந்தக் கண்ணாடியைத் தாரும்… ஓம். 'எஸ்'தான்.

— அப்ப 'அவன்' இல்ல. 'நான்'. இல்லாட்டி 'நீ'.

— கடுதாசியில ஒருத்தரையும் 'நீ' எண்டு கூப்பிடயில்ல. 'நான்'தான்.

— ஆர் அந்த நான்?

— எழுதினவன். 'வின்ச்காரன் இறக்கினான். நான் மூண்டு தரம் கத்தியிருந்தன்.'

— கீழ ஆள் நிக்குதெண்டு அவன் கத்தினவனா? மூண்டு தரம்? அதுக்குப் பிறகும் இவர் இறக்கினாரா?

— அப்பிடித்தான் வருது… அழாதையும், றுக்கியா. இஞ்ச கேளும். கப்பல் போயிட்டுது. இந்தத் துறைமுகத்தில பிரெஞ்சு வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான். தேஞ்ச இடத்தில 'அவன்' எண்டு நான் சொன்னா அது 'அவன்'தான். முதல் பிழையா வாசிச்சு உங்கட சோத்தில மண் போட்டவன் நான். இன்னொருக்காப் பிழையா வாசிச்சா ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல.

— அவர் திரும்ப வின்ச்சில ஏறுவாரா?

— திங்கக்கிழமையே ஏறுவார்.

— கீழ ஆக்கள் நிப்பாங்களா?

— நிப்பினம்தானே. அவை நிக்காமப் பெட்டி அடுக்க ஏலுமே?

— அப்ப வேணாம் ஐயா. கிடக்கிற மாதிரியே வாசிங்க. ரெண்டு வருஷமா அவருக்குக் காது கேக்காது. வேலை போயிரும் எண்டு நாங்க ஒருத்தருக்கும் சொல்லாம வச்சிருந்தம்.