பதினெட்டு டிகிரி

– இப்போ பாரு பகவதி, எவ்ளோ காட்டுது?

– வால்ல இருக்க சென்சர் தொண்ணூறு. உங்க சீட்டுக்குப் பின்னால இருக்கது நூத்தி எட்டு.

– இன்னுமா?

– இன்னும்தான். பிளேன் மூக்கு சுண்ணாம்புக் கோட்டு மேல நேரா கெழக்கப் பாத்து நிக்கு. தொண்ணூறுதான் சரி. நேத்தும் பதினெட்டு டிகிரி தப்பு, முந்தாநேத்தும் பதினெட்டு.

– பீஸே கராப். தூக்கிப் போடு.

– புது பீஸுங்க. செவ்வாக்கெழமதான மாத்துனேன். ரெண்டு சென்சரும் ஒரே திசையைச் சொன்னாத்தான் உங்க முன்னால எரியுத செவப்பு லைட்டு அணையும். அது அணையாம திங்கக்கெழம வார இன்ஸ்பெக்டர் நம்ம பிளேனைத் தொடக்கூட மாட்டாரு.

– எனக்கே சொல்றியா? முப்பத்திரெண்டு வருஷம் லேப்ல ராக்கெட்டுக்கு திசை சொன்னவன் இந்த சாம்பசிவம்.

– ராக்கெட்டுக்குச் சொன்னது நீங்க. அதே லேப்ல காம்பஸ் ரூமுல உக்காந்து, நீங்க சொன்னது சரியான்னு சோதிச்சது நானு.

– சரிம்மா, ஒத்துக்கறேன். ஒண்ணு பண்ணலாமா? சீட்டுக்குப் பின்னாடி இருக்கறதை இன்னும் ரெண்டடி வால் பக்கம் தள்ளி வெச்சிடலாம்.

– நாலாவது தடவையா சொல்லுதீங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ஒண்ணு கெட்டா இன்னொண்ணும் கெடும். அப்புறம் ரெண்டு எதுக்கு?

– ஸ்க்ரூவெல்லாம் பித்தளைதானே, இரும்பு எதுவும் இல்லையே?

– ஒண்ணு விடாம. சீட்டுக்கடியில முப்பத்தாறு ஸ்க்ரூ, மூணு தடவ கழட்டி மாட்டியாச்சு. லைட்டுக்குப் போற ஒயரும் இழுக்கக் கூடாதுன்னு முறுக்கிப் போட்டாச்சு. ஷெட்டுத் தகரம் இழுக்கக் கூடாதுன்னு நூறடி தள்ளி இந்தப் பொட்டல்ல கொண்டாந்து நிறுத்தியாச்சு. என் தாலிக்கொடியில கெடக்க ஊக்கக் கூட கழட்டி வீட்டுல வச்சிட்டு வாரேன்.

– ஹவ், ஆமா, அதை மல்லாபூர் முழுக்க மைக் வெச்சுச் சொல்லு.

– சொன்னா என்ன? காம்பஸ் ரூமுக்குப் போற பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான். வாசல்ல ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். ஊக்கு, ஹேர்பின்னு எல்லாத்தையும் அதுல போட்டுட்டுத்தான் உள்ள போகணும். சாயங்காலம் எவ ஊக்கு எவளுதுன்னு ஒரு சண்ட நடக்கும். அது கெடக்கட்டும். உங்க போனு?

– ஷெட்ல வெச்சுட்டேன்.

– ஸ்கூட்டர் சாவி?

– உன் பையில.

– பேன்ட் பெல்ட்டு?

– இன்னிக்குப் போடவே இல்ல. நாடாதான்.

– வேற?

– வேற என்ன இருக்கு என்கிட்ட? பல்லு மட்டும்தான். கழட்டித் தரவா?

– சிரிக்கத் தெம்பில்லங்க. கை ஓஞ்சு போச்சு. ஸ்க்ரூடிரைவரப் புடிச்சுப் புடிச்சு உள்ளங்கையில தோலு வழண்டு போச்சு.

– கொஞ்சம் நிழல்ல உக்காந்துட்டு வா. மோர் இருக்கு பாட்டில்ல.

– மோரெல்லாம் வேண்டாம். ஒண்ணு கேக்கட்டா? மொத தடவ தியாகு தம்பி ஓட்டட்டுமே. உங்களுக்குப் பறக்கச் சொல்லிக்குடுத்தவருதான. தெனமும் பறக்கவரு.

– நக்கோ, வேணாம்.

– ஏன்?

– ஏழு வருஷம் இந்த ஷெட்ல ரிவெட் அடிச்சது யாரு? தியாகுவா?

– அடிச்சது நீங்க. அந்தப் பக்கம் தகட்டைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு நின்னது நானு.

– அதான் சொல்றேன். நம்ம பிளேன். மொத தடவை தரையை விட்டு நான்தான் கெளப்பணும். அதுக்கப்புறம் தியாகு ஓட்டட்டும், யாரு வேணா ஓட்டட்டும். அந்த ஒரு தடவைக்காகத்தான் பகவதி இத்தனையும்.

– தெரியும். எறங்குங்க.

– கைக்கு? எதுக்கு எறங்கணும்?

– நான் ஏறி உக்காந்து பாக்கேன்.

– நீ உக்காந்தா வெயிட் மாறிடும்.

– இது திசை காட்டுத சாமானா, காய்கறிக்கடைத் தராசா? எறங்குங்க.

– முட்டி வலிக்குதுன்னு காலையில சொன்னே.

– வலிக்கட்டும். அந்தக் கைப்புடிய விடுங்க, நான் ஏறணும். அப்படித்தான். நீங்க ஷெட்டு வாசல் வரைக்கும் போய் நில்லுங்க.

– அவ்ளோ தூரமா?

– போங்கன்னு சொல்லுதேன்.

– போயிட்டேன். என்ன காட்டுது?

– வாலும் தொண்ணூறு, சீட்டும் தொண்ணூறு. செவப்பு லைட்டு அணைஞ்சிட்டு.

– பாத்தியா? தானாவே செட்டாயிடுச்சு. சில நேரம் இப்படித்தான், சூடானதும் சரியாயிடும்.

– கிட்ட வாங்க.

– அதான் சரியாயிடுச்சே. மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போலாம்.

– கிட்ட வாங்கங்க. இன்னும். சீட்டுக்குப் பின்னால வந்து பாடியை ஒட்டி நில்லுங்க. தொண்ணூத்தாறு. குனியாதீங்க, நேரா நில்லுங்க. நூத்தி ரெண்டு. சட்டையத் தூக்குங்க.

– பகவதி, ரோட்ல ஆட்டோ நிக்குது.

– ஆட்டோக்காரன் உங்க தொந்தியப் பாக்கவா நிக்கான்? தூக்குங்க.

– இடுப்பு வலிக்குப் போட்டதும்மா. சும்மா துணி பெல்ட்டு.

– துணிக்குள்ள எத்தன காந்தம்?

– பதினாறு.

– இடுப்பு வலிக்கா?

– ஹவ்.

– என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

– பி.பி.க்கு.

– எவ்வளவு?

– நூத்தி எம்பது. கீழ நூத்திப் பத்து. ஜனவரியில பாத்தது.

– டாக்டர் மாத்திர எழுதலையா?

– எழுதினார். வாங்கல. மாத்திரை சாப்பிட்டா பைலட் மெடிக்கல் டெஸ்ட்ல கேப்பாங்க, எழுதிக் குடுக்கணும். எழுதினா லைசென்ஸ நிறுத்தி வெச்சுடுவாங்க. பெல்ட்டு போட்டிருக்கியான்னு எந்த டாக்டரும் கேக்க மாட்டான்.

– காந்தத்த வச்சு ரத்தத்த எறக்க முடியும்னு நம்புதீங்களா? நீங்களா?

– நம்பிக்கையெல்லாம் இல்ல. கழட்டினா பயமா இருக்கு, அவ்ளோதான். புதன்கெழமை கழட்டி வெச்சுட்டுத்தான் கெளம்பினேன். மௌலா அலி ஸ்டேஷன் மேம்பாலப் படியில கண்ணு இருட்டிட்டு வந்துடுச்சு. அப்படியே உக்காந்துட்டேன். பூ விக்கிற அம்மா தண்ணி குடுத்தா. திரும்ப வீட்டுக்குப் போய் மாட்டிக்கிட்டு வந்தேன்.

– அன்னைக்கு ரெண்டு மணி நேரம் லேட்டு. ரயில்வே கேட்டு மூடிக் கெடந்துச்சுன்னு சொன்னீங்க.

– பொய்தான்.

– பெல்ட்டுதான் சென்சரை இழுக்குதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?

– ரெண்டாவது நாளே. தெரிஞ்சும் உன்னை வீணா கழட்ட வெச்சேன். சென்சரை வால் பக்கம் தள்ளிட்டா விஷயம் வெளிய வராதுன்னு நெனச்சேன். தப்புதான். திட்டிடு.

– திட்டல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ரெண்டாயிரம் அடி மேல கண்ணு இருட்டுனா எந்தப் படியில உக்காருவீங்க?

– அஞ்சே நிமிஷம் பகவதி. ஒரே ஒரு ரவுண்டு.

– எந்தப் படியிலன்னு கேட்டேன்.

– கேக்காத.

– வேற யாரு கேப்பா?

– யாரும் இல்ல. உன்னைத் தவிர யாரு இருக்கா.

– கண்ணத் தொடைங்க. அந்த மோரைக் குடிங்க மொதல்ல. உப்பு போடல.

– பாத்தியா, உப்பே போடாம குடுக்கறே. ஜனவரியில இருந்து சாம்பார் சப்புன்னுதான் இருக்குன்னு நெனச்சேன்.

– அது உங்களுக்கு நாக்கு செத்துப் போச்சு. நான் நேத்து வரைக்கும் உப்பு போட்டேன்.

– சரி. இன்ஸ்பெக்டருக்குக் குடுக்க வேண்டிய ஃபாரத்தை எடு. மொத தடவ ஓட்டறவர் பேருன்னு ஒரு எடம் இருக்கும். தியாகுன்னே எழுதிடு. நீயே எழுது.

– மனசு வந்துதான் சொல்லுதீங்களா?

– மனசெல்லாம் வரல. எழுது.

– நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம். மாத்திர சாப்பிட்டு, எல்லாத்தையும் எழுதிக் குடுத்து, அவங்க சரின்னு சொல்லட்டும். அப்ப நானே உங்க பக்கத்துல ஏறி உக்காருதேன்.

– சொல்லலேன்னா?

– அப்பவும் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். தரையில.

– ஃபாரம் எங்க?

– என் பையில, சாவிக்கு அடியில. எடுத்துப் பாருங்க.

– இதுல ஏற்கெனவே தியாகுன்னு எழுதியிருக்கே. உன் கையெழுத்தும் இருக்கு.

– பிளேன் என் பேர்லதான இருக்கு. நான்தான போடணும்.

– அது சரி. தேதி ஏழுன்னு போட்டிருக்கியே. இன்னிக்குப் பதினஞ்சு. ஏழாந்தேதிதான் நாம மொத சென்சரையே மாட்டினோம்.

– ஆமா. அன்னைக்குக் காலையில உங்க துணிய ஊறப்போடும்போது பெல்ட்டப் பாத்தேன். பி.பி.க்குன்னு அதுலயே அச்சடிச்சிருந்துச்சு.

– அப்போ ஒம்போது நாளா இந்த முப்பத்தாறு ஸ்க்ரூவையும் எதுக்குக் கழட்டினே?

– நீங்களா சொல்லுததுக்கு நேரம் குடுத்தேன்.