முதலாளிக்கு ஆயில் கசியுது

— பின்பக்கம்தாங்க டாக்டரம்மா ஆயில் கசியுது. முன்பக்கம் சுத்தமா இருக்கு. சத்தமும் நல்லா வருது.

— பெட்டியை மேஜைமேல வச்சுத் திறங்க, பார்ப்போம். நீங்க மெக்கானிக்கா?

— ஆமா, சொந்த ஷெட். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— கதவுல, நாற்காலில, மேஜைல எல்லாம் உங்க பத்து விரலும் கிரீஸோட பதிஞ்சிருக்கு. ஓ, கினிப்பன்னியா? பேர் இருக்கா?

— முதலாளி. நாள் பூரா உக்காந்து தின்னும், யாராவது அந்தப் பக்கம் போனா ஒரு சத்தம் போடும். அதான் அந்தப் பேரு. மக வைக்கட்டும்னுதான் விட்டேன். "உனக்குப் பிடிச்சதையே வச்சுக்கப்பா"ன்னுட்டா. பெருந்தன்மை பாருங்க. அவ நாலு மணிக்கு வந்துடுவா டாக்டரம்மா, அதுக்குள்ள ரெடி பண்ணிக் குடுத்துடுங்க.

— அதெல்லாம் மணி கணக்குப் பார்த்துச் சொல்ல முடியாது. வயசு?

— போன வருஷ மாடல்.

— ஆணா பெண்ணான்னு பார்த்திருக்கீங்களா?

— அந்தப் பக்கம் எல்லாம் நான் எட்டிப் பார்க்கலங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— ஆண். நல்லது. இந்தப் பிசுபிசுப்பை எப்ப கவனிச்சீங்க?

— மூணு வாரம் ஆச்சு. வால் இருக்க வேண்டிய எடத்துல. வால் இல்ல, சரி, கம்பெனியிலயே குடுக்கல போலன்னு நான் அதைக் கண்டுக்கல. ஆனா அந்த எடத்துல மயிரெல்லாம் ஒட்டிக்கிட்டு, கறுப்பா, பழைய பேரிங் கிரீஸ் மாதிரி இருந்துது. மோந்து பார்த்தேன். பேரிங் கிரீஸே தேவல.

— உடனே கூட்டிட்டு வந்திருக்கலாமே.

— நமக்கே தெரிஞ்ச வேலையாச்சே, எதுக்கு உங்களைத் தொந்தரவு பண்ணணும்னுதான். கசிவு எங்கேருந்துன்னு மொதல்ல பார்க்கணும். அடியில வெள்ளைப் பேப்பர் விரிச்சு நிறுத்தினேன்.

— தெரிஞ்சுதா?

— பேப்பரைத் தின்னுட்டார்.

— நல்லது. அப்புறம்?

— பவுடர் அடிச்சேன்.

— எதுக்குங்க பவுடர்?

— எஞ்சின்ல கசிவு பிடிபடலன்னா மேல முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவிட்டு ஓட்டிப் பார்ப்போம். எங்க ஈரம் ஊறுதோ அங்கதான் கோளாறு. இவருக்கும் தூவி விட்டு, ஹாலைச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓட்டினேன்.

— தும்மியிருக்குமே?

— பதினொரு தடவை. ஆனா எடம் அட்சர சுத்தமாத் தெரிஞ்சுது!

— எனக்குப் பவுடர் போடாமலே தெரியுது. எதைப் போட்டுக் கழுவினீங்க?

— ஷெட்டுல கை கழுவுற பேஸ்ட் இருக்குல்ல, மணல் மணலா, எப்பேர்ப்பட்ட கிரீஸையும் எடுத்துடும்...

— மணல் பேஸ்டா? தோலு மேலயா?

— என் கைக்கு இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே.

— எங்க, கையை நீட்டுங்க. இது கையா? செருப்பு மாதிரி இருக்கு.

— அதை விடுங்க, வேலை சுத்தமா முடிஞ்சுது. பளபளன்னு ஆயிட்டார். ஈரம் தங்கக் கூடாதுன்னு காத்தடிச்சேன்.

— எதால?

— கம்ப்ரசரால. லாரி டயருக்கு அடிக்கிற வேகம் இல்ல! சும்மா சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற அளவுதான். மயிரெல்லாம் ஒரே பக்கமா வகிடெடுத்து, போட்டோ எடுக்கப் போற ஆள் மாதிரி நின்னார்.

— ஒரு நிமிஷம் இருங்க. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடுறேன்.

— தாராளமா குடிங்க. நாங்க எங்க போகப்போறோம்? முதலாளி, பயப்படாதய்யா, டாக்டரம்மா முகம்தான் அப்படி, மனசு நல்ல மனசு.

— கேட்டுது. மேல சொல்லுங்க.

— மறுநாள் காலையில பார்த்தா மறுபடி கசியுது! ஆயிலை அடைச்சு வைக்கிற சீல் போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

— சீலும் இல்ல, கோளாறும் இல்ல. அது எண்ணெய்ச் சுரப்பி. எல்லா கினிப்பன்னிக்கும் அந்த எடத்துல உண்டு. இது என் எடம்னு அடையாளம் வைக்க, பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சுட்டே போகும். ஆணுக்குக் கொஞ்சம் அதிகமாவே சுரக்கும். இதெல்லாம் நார்மல்.

— நார்மலா.

— ஏன் இழுக்குறீங்க? நம்பலையா?

— தப்பா நினைக்காதீங்க. எந்தச் சத்தம் எனக்குப் பிடிபடலையோ, அதுக்கெல்லாம் நானும் கஸ்டமர்கிட்ட அந்த வார்த்தையைத்தான் சொல்லுவேன்.

— நான் படிச்சிட்டுச் சொல்றேன்.

— நான் ஒப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன். ஒரு வண்டியில கோளாறு என்னன்னு தெரியலன்னா, அதே மாடல் நல்ல வண்டி ஒண்ணைப் பக்கத்துல நிறுத்திப் பார்ப்போம். பிராணிக் கடைக்காரர் நம்ம கஸ்டமர்தான். ரெண்டே நாள்ல தந்துடுறேன்னு அவர்கிட்டேருந்து ஒண்ணைக் கொண்டு வந்தேன். அதே நிறம், அதே சைஸ். பின்னாடி திருப்பிப் பார்த்தா ஒரு பொட்டு ஈரம் இல்ல! ஷோரூம் கண்டிஷன். இப்ப சொல்லுங்க, அதுக்கு இல்லாதது இவருக்கு இருந்தா கோளாறுதானே?

— அது பொண்ணா இருக்கும்.

— எது?

— நீங்க ஒப்பிடக் கொண்டு வந்தது. பொண்ணுக்கு அவ்வளவா சுரக்காது.

— ஓ.

— ரெண்டு நாளும் அதை எங்க வச்சிருந்தீங்க?

— பக்கத்துல பக்கத்துல வச்சாத்தானே வித்தியாசம் தெரியும்.

— ஒரே கூண்டுலயா?

— சண்டையே இல்லங்க. நல்லாப் பழகிட்டாங்க.

— நல்லது. கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு, ரெண்டு மாசத்துல கடையில உருப்படி கூடும்னு சொல்லிடுங்க.

— ஐயோ டாக்டரம்மா! நான் சாதாரண மெக்கானிக். இது சத்தியமா எனக்குத் தெரியாம நடந்த காரியம்.

— இன்னும் இருக்கு. இந்தச் சொட்டையைப் பாருங்க. லேசாச் சுரண்டினாலே பொடி பொடியா உதிருது. இது சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு ஒட்டிவிட்டுட்டுப் போயிருக்கும். அதுக்கு மேல உங்க மணல் பேஸ்ட் வேற தோலை உரிச்சு வச்சிருக்கு. பாவம், சொறியச் சொறிய இது தூங்கியே பல நாள் ஆயிருக்கும்.

— அப்ப கசிவு கோளாறு இல்ல. நான் பார்த்த ரிப்பேர்தான் கோளாறு.

— ஆமா.

— உயிருக்கு ஒண்ணும் ஆயிடாதே? மறைக்காமச் சொல்லுங்க. நாலு மணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— உக்காருங்க முதல்ல. எதுக்கு இப்படி வேர்க்குது? நாலு மணிக்கு யாரு, மகதானே வர்றா? அடிக்கவா போறா?

— அடிச்சாக்கூடப் பரவால்லயே. பதினொரு வயசு அவளுக்கு. அவங்கம்மாவும் நானும் இப்ப ஒண்ணா இல்ல. மக அங்கதான் இருக்கா. அந்த அடுக்குமாடியில பிராணி எதுவும் வைக்க விட மாட்டாங்க. அதனால இவர் என்கூட. இவரைப் பார்க்கத்தான் சனிக்கிழமை ஆனா வருவா. கசிவுன்னு போன்ல சொன்னதுலேருந்து மூணு வாரமா ஞாயித்துக்கிழமையும் வர்றா.

— சந்தோஷம்தானே?

— அவ வர்றது இவருக்காக டாக்டரம்மா. நான் கதவைத் திறந்து விடுற ஆள், அவ்வளவுதான். இவர் போய்ட்டார்னா அவ எதுக்கு அந்த வீட்டுக்கு வரப்போறா? அங்க வேற என்ன இருக்கு? ஒரு ஜாக்கி, நாலு ஸ்டெப்னி, நான். எந்தப் புள்ள அதைப் பார்க்க ரெண்டு பஸ் மாறி வரும்?

— அவ்வளவு பிரியமா இது மேல?

— உசுருங்க! அலுங்கிடக் கூடாதுன்னு தொடவே மாட்டா. ரெண்டடி தள்ளி நின்னு ஒரு பார்வை பார்ப்பா. "நல்லா இருக்கட்டும்பா"ன்னுட்டு நேரா ஷெட்டுக்கு வந்துடுவா. டூல்ஸ் பெட்டி மேல ஏறி உக்காந்து கிளம்புற வரைக்கும் ஸ்பேனர் எடுத்துக் குடுப்பா, ஸ்கூல் கதை சொல்லுவா. இவர் பக்கமே திரும்ப மாட்டா. அவ்வளவு அக்கறை.

— தொடவே மாட்டாளா?

— ஒரு தடவைகூட.

— ம்ம். சரி, கவனமாக் கேளுங்க. பின்கழுத்துல ஒரு மருந்து விடுறேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூணு தடவை. கூண்டுல இருக்குற வைக்கோலை எல்லாம் மாத்திடுங்க. அந்தக் கடைப் பொண்ணுக்கும் இதே மருந்து விடணும். நாலு வாரத்துல தோல் சரியாயிடும்.

— கசிவு?

— அது கசிவு இல்ல, சுரப்பின்னு சொன்னேன்ல? ரொம்பச் சேர்ந்துபோச்சுன்னா ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுங்க. பத்து நிமிஷம் ஊற விடுங்க. குழந்தைக்குப் போடுற ஷாம்பு கொஞ்சம், வெதுவெதுப்பான தண்ணி, மெல்லிசுத் துண்டால ஒத்தி எடுக்கணும். அதுவும் தோல் ஆறின பிறகு. பேஸ்ட் கூடாது, பவுடர் கூடாது, காத்து கூடவே கூடாது. இந்தாங்க எண்ணெய், உரியாத எடத்துல என் முன்னாடியே ஒரு தடவை தடவிக் காட்டுங்க. மெதுவா.

— மெதுவான்னா எவ்வளவு மெதுவா?

— கார்பரேட்டர்ல இருக்குற ஊசியைத் தொடுற மாதிரி.

— இதை மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். இப்படியா? பாருங்க, கண்ணை மூடிட்டார்! சொகமா இருக்குதாய்யா? மன்னிச்சுக்கய்யா முதலாளி, தெரியாமப் பண்ணிட்டேன்.

— நல்லாத்தான் செய்யுறீங்க. உங்க சட்டைப் பையில போன் அடிக்குது.

— அவதான்! கை பூரா எண்ணெய். நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க டாக்டரம்மா. ஹலோ, சொல்லு கண்ணு.

— அப்பா, டாக்டர்கிட்ட போயிட்டியா?

— இங்கதாம்மா இருக்கேன். டாக்டரம்மாவும் பக்கத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நீ ஒண்ணும் பயப்படாத. தப்பெல்லாம் என்மேலதான், நேர்ல வா, எவ்வளவு வேணா திட்டு. ஆனா நாலே வாரத்துல சரியாயிடுமாம்.

— நாலு வாரத்துலயா?

— ஆமா கண்ணு.

— முழுசாவா?

— முழுசா! என்ன, மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது? அழறியா? சந்தோஷத்துலயா அழற?

— டாக்டர் ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் லேட்டாச் சரியாகாதா?

— எவ்வளவு லேட்டாகணும்மா உனக்கு?

— நான் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும்.

— கண்ணு! என்ன பேச்சு இது? வாயில்லாத ஜீவன். உன்மேல அது உசுரையே வச்சிருக்கு.

— அப்பா, எனக்கு அதைப் பார்த்தாலே உவ்வேன்னு வரும்ப்பா. ஆனா அதுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா அம்மா ரெண்டு நாள் அனுப்புறாங்க, அப்பாவைப் பார்க்கணும்னு கேட்டா ஒரு மணி நேரம்தான்னு சொல்லுறாங்க.