போரெக் குளத்தில் இறங்கிய காலை

முழங்கால் தேய்ந்தவனுக்கு நான்காவது மாடி கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். விசாரணைக் குழு முதலில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் அலோயிஸ் மட்டுலா. வயது அறுபத்தெட்டு. முப்பத்தாறு வருடம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் ரோபோவியலும் செயற்கை நுண்ணறிவும் முதுகலை படிக்கப் பிர்னோ நகரத்துக்கு வந்தேன். சேர்க்கை நேர்காணலில் ஏன் என்று கேட்டீர்கள். மூளை துருப்பிடிக்காமல் இருக்க என்றேன். உங்களில் இருவருக்குக் கண் கலங்கியது. பல்கலைக்கழகப் பத்திரிகையில் என் படம் போட்டார்கள். நான் சொன்னது பொய்யில்லை. மூளைக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

மற்றொரு காரணம் இது. ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் பீர்க்கடையில் தபால்காரர் விலேம் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். இந்தத் துறையில் ராதானா என்ற ஆய்வு மாணவி காளான் தேடும் ரோபோ நாய் ஒன்றைச் செய்யப்போகிறாள், அதைப் பழக்க எங்கள் காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று போட்டிருந்தது.

"இத்தன வருசமா பொண்டாட்டிக்குத் தெரியாம வச்சிருந்தோம், இனி நாய்க்குத் தெரியப்போவுது" என்றார் விலேம். யாரும் சிரிக்கவில்லை.

காடு எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் போய்ப் பறிக்கலாம் என்பது சட்டம். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. ஆகவே ஒருவனுடைய காளான் இடத்துக்கு அவனுடைய வாய் ஒன்றுதான் வேலி. என் இடத்தை என் அப்பா சாகும்போது சொன்னார். உயிலைப் பற்றிப் பேசவில்லை, கடவுளைப் பற்றிப் பேசவில்லை. இரட்டைத் தேவதாருவிலிருந்து கிழக்கே நாற்பது தப்படி என்று என் காதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். எனக்கும் லிபுஷேவுக்கும் கல்யாணமாகி நாற்பத்துமூன்று வருடம் ஆகிறது. என் வாயில் கட்டின பல் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் தெரியாது. அவளுக்கும் ஓர் இடம் உண்டு. நானும் கேட்டதில்லை. எங்களுடையது நல்ல குடும்பம்.

அடுத்த திங்கட்கிழமை கணிதப் புத்தகம் வாங்கினேன். நுழைவுத் தேர்வில் முதல் முறை தோற்றேன். லிபுஷே உருளைக்கிழங்கு தோலுரித்தபடியே என்னை அணிக்கோவைக் கணக்குக் கேட்பாள். இரண்டாம் முறை தேறினேன். ஒரு காளான் இடத்துக்காக இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்களுக்கு இடம் இல்லாதிருக்கலாம்.

ராதானா நல்ல பெண். கூர்மையானவள், ஆனால் நகரத்துக்காரி. ஊர்க்காரர்கள் அவளிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தரவு சேகரிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஊரில் கைதேர்ந்த காளான்காரர்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்தேன். விலேம், பாதிரியார், லிபுஷே, நான், இன்னும் எட்டுப் பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் இருப்பிடம் காட்டும் ஒரு கருவி. நல்ல காளான் கிடைத்தால் பச்சைப் பொத்தான், ஆகாத காளான் என்றால் சிவப்பு. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. விலேம் சதுப்பில் நின்று பச்சையை அமுக்கினார். பாதிரியார் இரண்டு மணி நேரம் பெட்ரோல் பங்க்கிலேயே உலாவிப் பதினெட்டு முறை பச்சை அமுக்கினார். என் பங்குக்கு நாலாயிரம் காளான் படங்களுக்குப் பெயர் குறித்துக் கொடுத்தேன். கசப்புக் காளானையெல்லாம் நல்லது என்று குறித்தேன். அது விஷமில்லை. ஒன்று விழுந்தால் சட்டி முழுக்கக் கசக்கும், அவ்வளவுதான். ஜூலையில் போரெக் கண்டுபிடித்ததை ராதானா துறை முழுக்கச் சமைத்துப் போட்டாள். போரெக் என்பது நாயின் பெயர். உங்களில் மூவர் மரியாதைக்காக இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதற்கு வருந்துகிறேன்.

கோடை முழுக்கப் போரெக் ஒன்றுக்கும் உதவவில்லை. ராதானா ஆய்வுக்கூடத்தில் மேசையில் தலை வைத்து அழுதாள். நான் லிபுஷே செய்த ப்ளம் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஆய்வேடு ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போயிருந்தது. இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது என்று எனக்கும் தெரியும்.

செப்டம்பரில் ஒரு நாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள்.

"மட்டுலா ஐயா, தப்பு மிஷின்ல இல்ல. ஆளுங்க பொய் சொல்லியிருக்காங்க."

"யாரும்மா?"

"எல்லாரும்."

"பாதிரியாருமா?"

"அவருதான் மொதல் ஆளு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அவர்கள் பொத்தான் அமுக்கியதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, நடந்த தடத்தை மட்டும் போரெக்குக்குக் கொடுத்திருக்கிறாள். ஓர் ஆள் ஓர் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போய், ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்கவில்லை என்றால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. போரெக் இதைத் தானாகவே கற்றுக்கொண்டதாம்.

"உங்க எடம்தான் மொதல்ல கெடச்சுது" என்றாள். "நீங்கதான் ரொம்ப ஒழுங்கா சுத்தியிருக்கீங்க. காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி வட்டம்."

வரைபடத்தைத் திரையில் காட்டினாள். பன்னிரண்டு புள்ளிகள். லிபுஷேயின் புள்ளி என் புள்ளிக்கு மேற்கே அறுபது அடியில் இருந்தது. நாற்பத்துமூன்று வருடமாக இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டு, ஒரே மேட்டின் இரண்டு பக்கத்தில் குனிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

வியாழக்கிழமை தேர்வு. தேர்வாளர்களைப் போரெக்கே காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகும். வரைபடம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வரும். ஆய்வேடு நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கும். என் புள்ளியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன்.

"பதினோரு எடம் போட்டா, பன்னண்டாவது எங்கன்னு எல்லாரும் தேடுவாங்களே ஐயா."

நியாயமான பேச்சு. நானும் ஒப்புக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போரெக்கை நடைக்குக் கூட்டிப்போனேன். பனி விலகிக்கொண்டிருந்தது. என் முழங்காலுக்காக, பத்தடிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பார்க்க அதற்கு நானே வசந்தத்தில் கற்றுக்கொடுத்திருந்தேன். அன்றும் நின்று நின்று பார்த்தபடி நேராக என் இடத்துக்குப் போய், பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, நெற்றியில் பச்சை விளக்கை ஏற்றியது. ஏழு காளான், ஒன்றில்கூடப் புழு இல்லை. பறித்துக்கொண்டேன். அழுகவிடுவது பாவம்.

பிறகு குளத்துக்குப் போனோம். கரையில் அது நின்றுவிட்டது. தண்ணீரைக் கண்டால் நிற்கும்படிதான் அதைச் செய்திருந்தோம். நிரலில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடப் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. தண்ணீர் என்பது புல் என்று எழுதினேன். அது என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கியது. நாலாவது அடிவரை விளக்கு பச்சையாகவே இருந்தது. அந்தப் பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். இதையும் குறித்துக்கொள்ளலாம்.

கணினியில் இருந்த பிரதிகளை ராதானாவின் கடவுச்சொல்லால் அழித்தேன். காய்ச்சலாக இருந்தபோது அவளே என்னை நம்பிக் கொடுத்தது. அச்செடுத்த ஆய்வேடு அடுப்பில் நன்றாக எரிந்தது. வியாழக்கிழமை அவள் வெறுங்கையோடு தேர்வாளர்கள் முன் நின்றாள். மாலையில் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். "நீங்க மனசு ஒடஞ்சு போகாதீங்க தாத்தா. தண்ணிச் சோதனைய நான்தான் சரியா செய்யல" என்றாள். அதுவரை அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டதில்லை. நான் அவளை மன்னித்தேன்.

இப்போது அவளே முடிவுகளைக் கற்பனையில் எழுதிவிட்டு, மாட்டிக்கொள்வோம் என்று நாயைக் குளத்தில் தள்ளிவிட்டாள் என்கிறீர்கள். அவளைத் துறையிலிருந்து நீக்கப் போகிறீர்கள். அதைக் கேட்டபின் என் மனசாட்சி சும்மா இருக்கவில்லை. அதனால்தான் நாலு மாடி ஏறி வந்து இத்தனையும் சொல்கிறேன். அந்தப் பெண் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. இதை என்னைத் தவிர யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் அழிக்கும் முன் அந்த வரைபடத்தை நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளைக் கொடுத்தால் இன்றே அவளுக்குப் பட்டம் என்று குழுத் தலைவர் அம்மா சொல்கிறார். புரிகிறது. ஆனால் அதில் பதினோரு மனிதர்களின் அந்தரங்கம் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தானே ஒரு நாயைக் கொன்றேன். தாளுக்குப் பதிலாக என் வாக்கைத் தருகிறேன். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அக்டோபர் முழுக்க, ஒரு நாளைக்கு ஓர் இடமாக, பதினோரு இடத்துக்கும் மாறி மாறி விடியலில் நேரில் போய்ச் சரிபார்த்தேன். வரைபடம் எங்கேயும் இரண்டடிகூடப் பிசகவில்லை. நான் எடுத்த குறிப்புகள் ஆய்வு முறைப்படி இருக்கின்றன, தேதி, நேரம், எடை எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கூடை கொண்டுபோனேன் என்பது உண்மைதான். கூடையில்லாமல் காட்டுக்குள் போகிறவனைப் பார்த்தால் எங்கள் ஊரில் சந்தேகப்படுவார்கள்.