சுவருக்கு அந்தப் பக்கம்

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது சார். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். முதலில் உலக வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எளிதாகப் புரியும்.

பெரிய நாடு பக்கத்துச் சின்ன நாட்டைப் பார்த்துப் பயப்படாது. அந்தச் சின்ன நாடு எதிரியின் படைக் கூட்டணியில் சேர்ந்தால்தான் பயம். எங்கோ தொலைவில் இருந்த ஏவுகணை நாளை எல்லையில் வந்து நிற்கலாம். யோசிக்கக் கிடைத்த அரைமணி நேரம் ஐந்து நிமிடமாகிவிடும். தற்காப்புக்குத்தான் என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் துப்பாக்கி திரும்பியிருக்கும் திசைதான் நமக்குத் தெரியும், பிடித்திருப்பவன் மனது தெரியாது.

அருள்புரத்தில் என் பனியன் கம்பெனியை ஒட்டிக் காசிமாயனின் தையல் யூனிட். பிழைக்க உசிலம்பட்டியிலிருந்து வந்தவன். இருபது மெஷின். அவன் பின்கதவு என் இடத்தில்தான் திறக்கும். தண்ணீரும் என் போர்வெல்லிலிருந்துதான். போன தை மாதம் என் போட்டியாளன் தரணீதரன் சின்ன யூனிட்டுகளை ஒன்றாகச் சேர்த்தான். ஒருவரைத் தொட்டால் எல்லோரும் வருவார்கள் என்பது ஒப்பந்தம். காசிமாயனும் கையெழுத்துப் போட்டான்.

"ஏப்பா காசி, எட்டு வருசம் எம்பட தண்ணியக் குடிச்சுப்போட்டு அவங்கூடச் சேர்ந்துட்டியா?"

"அந்தத் தண்ணியத்தானே போன மாசம் நிறுத்துனீங்க மொதலாளி? பயந்துபோய்த்தான் சேந்தேன்."

அவன் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்றுதான் நிறுத்தினேன். அது அவனுக்குப் புரியவில்லை.

அதன்பின் சுவருக்கு அப்பால் ஆணி அடித்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. கேமரா வைத்தேன். அவனும் வைத்தான். பின்கதவுக்கு என் பக்கம் பூட்டுப் போட்டேன். அது என் எல்லை சார்.

மாசி கடைசி ஞாயிறு மதியம், அவன் முன்வாசலில் குவிந்திருந்த கட்டிங் வேஸ்ட் துணிக்குத் தீ வைத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஆள் இருக்காது என்று நினைத்ததாக முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பின்கதவைத் தட்டும் சத்தமும் கேட்டது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. தட்டுவது நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன். காசிமாயனையும் சேர்த்து ஒன்பது பேர்.

அவன் மனைவி நாகஜோதி இடத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டாளாம். வாங்கியது தரணீதரன். சுவரை ஒட்டி இப்போது அவனே ஷெட் போடுகிறான் என்று என் மகன் நேற்று வந்து சொன்னான்.

நான் பயந்தது சரிதானே சார்?