அடங்காத கைனேஸும் அடக்கிய கையும்

சுருக்கமாகப் பேசச் சொல்லிவிட்டு இப்போதே முறைத்துக்கொண்டிருக்கும் விழாத்தலைவர் ஐயாக்கண்ணு அவர்களே, குளிரையும் பாராமல் கரடியூரிலிருந்து வந்து குழுமியிருக்கும் சான்றோர்களே, என் கடை விலையை ஏசினாலும் என் பேச்சை ஏசாத தாய்மார்களே, மஞ்சக்குட்டை மண் ஈன்ற மாமணியாய், முனைவர் பட்டத்தோடு திரும்பியிருக்கும் வெண்ணிலா அவர்களே, மளிகைக்கடை சையத் இப்ராஹிமின் மகிழ்ச்சி பொங்கும் வணக்கம்.

வெண்ணிலா ஆராய்ந்தது கைனேஸ். என்ன கோபி, என் கடையில் கிடைக்குமா என்கிறாயா? கிடைக்காது. அது உன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

காட்டெருமை காப்பித் தோட்டத்தில் இறங்கினால் என்ன செய்கிறோம்? மேல்வீட்டுக்காரர் கூவுகிறார். அதில் அடுத்த வீடு விழிக்கிறது. அது அடுத்ததை எழுப்புகிறது. சரிவு முழுவதும் எழுந்துவிடுகிறது. செல்லுக்குள் கைனேஸ் என்னும் புரதங்கள் செய்வதும் அதுவே. ஒன்று இன்னொன்றின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு துணுக்கை ஒட்டி எழுப்பும். எழுந்தது அடுத்ததை எழுப்பும். எருமை போனதும் கீழ்வீட்டுக்காரர், "போயிருச்சுங்க, உடுங்க" என்று மேலே குரல் கொடுக்கிறாரே, அப்படிக் கடைசிக் கைனேஸ் முதல் கைனேஸை அடக்குவதும் உண்டு.

எருமையே வராமல் நடுவில் ஒருவன் ஓயாமல் கூவினால்? என் மனைவி சுபைதாவின் இரத்தத்தில் நடந்தது அதுதான். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மாத்திரை தந்தார்கள். தேறினாள். தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். "நல்லாத்தானுங்க இருக்கறேன், இன்னும் எதுக்குங்க மாத்திரை?" கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். அவள் அசையவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த வெண்ணிலா எங்கள் வீட்டுக்கு வந்து இந்த எருமைக் கதையைச் சொன்னார். "அக்கா, கூவறவன் இன்னும் உள்ளதானுங்க இருக்கறான். மாத்திரைதான் அவன் வாயைப் பொத்தியிருக்குது. டாக்டரைக் கேக்காம கையை எடுத்தீங்கன்னா மறுபடியும் கூவுவானுங்க."

சுபைதா எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு வந்து மாத்திரையைப் போட்டாள்.

எவர் பெற்ற பெண்? மிளகு பறிக்கும் கண்ணம்மாள் பெற்ற பெண். எந்த மலைப் பெண்? நம் மலைப் பெண். எந்தக் கைனேஸ் எதை எழுப்பும், எது எதை அடக்கும் என்று உலகுக்கு எடுத்துச் சொல்ல எழுந்து நிற்கும் பெண். என் நெஞ்சு நிமிர்கிறது. சேர்வராயன் மலையே இன்று ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது.

தலைவர் மணியடிக்கிறார். மணிக்கெல்லாம் அடங்குகிறவனா நான்? ஆனால் அதோ, முன்வரிசையில் சுபைதா தன் வாயைப் பொத்திக் காட்டுகிறாள். "ஏனுங்க, போதுமுங்க" என்கிறாள். இந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்து நான் நடுங்கியிருக்கிறேன். அதனால் அந்தக் கைக்கு மட்டும் அடங்குகிறேன். வெண்ணிலாவுக்கு என் வீட்டின் நன்றி. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.