கூரைக்கு மேல் போன நீராவி

கண்ணுக்கு அழகாய்த் தெரிந்த கசிவையும் கசிவு என்றே சொன்னவரே! கேட்பார் இல்லாத நாளிலும் கணக்கை வளைக்காதவரே! சொல்லைச் சிக்கனமாகவும் பொறுமையைத் தாராளமாகவும் செலவு செய்தவரே! இந்தச் சலவை ஆலையின் கணக்குப் பிரிவுத் தலைவராக இருந்து இன்று விடைபெறும் எங்கள் மதிப்புக்குரிய மேடம் அவர்களே, வணக்கம்!

இந்த மடலில் உள்ளதெல்லாம் நடந்தபடியேதான் இருக்கிறதா என்று எங்களுக்கே உறுதியில்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தது அடைமழைக் காலம் என்றார் ஒருவர். இல்லை, தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை என்றார் இன்னொருவர். நீங்கள் அதிகம் பேசாதவர். அதனால் நீங்கள் சொன்னவற்றைவிட, சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவைதான் எங்கள் நினைவில் அதிகம். பிழை இருந்தால் வழக்கம்போல் பென்சிலால் மெல்லக் கோடிடுங்கள்.

வந்த புதிதில் உங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சில்லறை மேடம்'. சோப்புத் தூள் சிந்தினால் நிற்பீர்கள். குழாய் சொட்டினால் நிற்பீர்கள். இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாது என்றே இருந்தோம். ஒருநாள் தேநீர் வேளையில் பாய்லர் அண்ணன், "டேய், சில்லறை வருதுடா" என்று முணுமுணுத்தார். நீங்கள் நின்று, "என்னண்ணே பண்றது? நோட்டெல்லாம் முதலாளி பாத்துக்கிறாரு. மிச்சம் இருக்கிற சில்லறையத்தானே நான் பாக்க முடியும்?" என்றீர்கள். அண்ணனுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

இந்த ஆலையின் பெயர்ப்பலகையை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கூரைக் குழாயிலிருந்து பகலெல்லாம் எழுந்த வெண்மேகம்தான் எங்கள் பலகை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளையும் விடுதித் துண்டுகளையும் தேய்க்கும் உருளைகளுக்குச் சூடு கொடுத்துவிட்டு, மிச்ச நீராவியும் கொதிநீரும் அந்த வழியே வெளியேறும். பேருந்து நடத்துநர்கூட "புகைக் கம்பெனி எல்லாம் எறங்கு" என்றுதான் கூவுவார். எங்களுக்கு அதில் பெருமை. நீங்கள் மட்டும் முற்றத்தில் நின்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். மழை வருமா என்று பார்க்கிறீர்கள் என நினைத்தோம்.

முதலாளி அறையின் தாழ்ப்பாள் கெட்டுப்போய்க் கதவு எப்போதும் அரைகுறையாகவே சாத்தியிருக்கும். அதனால் அன்று நீங்கள் பேசியது இஸ்திரிக் கூடம் முழுவதற்கும் கேட்டது.

"பூமியக் காப்பாத்த ஊர்ல ஆளுங்க இருக்காங்க மேடம். நான் துணி வெளுக்கிறவன்."

"பூமி இருக்கட்டும் சார். நாம எரிபொருள் வாங்கித் தண்ணியச் சுட வச்சு, அந்தச் சூட்டைக் காக்காய்க்குக் குடுத்துக்கிட்டு இருக்கோம். அந்தத் தண்ணியத் திருப்பி பாய்லருக்கே விட்டா, போடற பணம் ரெண்டு வருஷத்துக்குள்ள கைக்கு வந்துடும். அப்புறம் வர்றதெல்லாம் லாபம். பூமிக்கு நல்லது நடந்தா அது கொசுறு."

கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு முதலாளி, "கொசுறு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நீங்கள் வெளியே வந்தபோது இஸ்திரி அக்கா வழிமறித்தார். அந்தக் கூடத்துப் பெண்களுக்கெல்லாம் மூத்தவர் அவர். "மேடம், பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர் அடுத்த தடவை நமக்கு வராதுங்கிறாங்க. அது போனா எங்க செக்ஷனே போச்சு. நெசமா?"

"விலையக் கொறைச்சுச் சொல்ல முடிஞ்சா ஆர்டர் எங்கயும் போகாதுக்கா. கொறைக்கிற வழி கூரை மேல இருக்கு. கொண்டு வந்துடறேன்."

வாக்குக் கொடுத்தீர்கள்; கொண்டும் வந்தீர்கள். சூடு வெளியேறாமல் குழாய்களுக்குப் போர்வை சுற்றினார்கள், கொதிநீர் தொட்டிக்குத் திரும்பியது, எரிபொருள் வண்டி வாசலுக்கு வருவது அரிதாயிற்று. இஸ்திரிக் கூடத்தின் புழுக்கம் குறைந்து, பெண்கள் நெற்றியைத் துடைக்காமல் வேலை செய்தார்கள். கூரைக்கு மேலே வெறும் வானம் தெரிந்தது.

வினை அங்கிருந்துதான் வந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? எதிர்த் தேநீர்க் கடைக்காரர் பாய்லர் அண்ணனைத் துக்கம் விசாரித்தார்.

"என்னண்ணே, கம்பெனிய மூடிட்டாங்களாமே?"

"மூடிட்டா நான் எதுக்குய்யா இந்தக் கோலத்துல நிக்கிறேன்? வேஷம் கட்டவா?"

"புகையே காணோமே!"

எரிபொருள் வியாபாரி ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்றார். ஒரு விடுதி, எதற்கு வம்பென்று துணியை வேறிடத்துக்கு அனுப்பியது. கடைசியில் முதலாளியின் மாமனாரே தொலைபேசியில் அழைத்து, "மாப்ளே, கஷ்டம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அழாக்குறையாகக் கேட்டாராம். அதைத்தான் முதலாளியால் தாங்க முடியவில்லை. நேரே பாய்லர் அறைக்கு வந்து, கூரைக் குழாயின் வால்வைத் திறக்கச் சொன்னார்.

"சார், அது கசிவு."

"இருக்கட்டும் மேடம். கௌரவமான கசிவு."

"வந்து பாக்கச் சொல்லுங்க சார். விடுதிக்காரங்க, வியாபாரி, உங்க மாமனார், எல்லாருக்கும் நானே சுத்திக் காட்டறேன். இல்லன்னா வாசல்ல ஒரு பெரிய லைட்டு போடுங்க. செலவு கம்மி."

முதலாளி சிரித்தார், சிரித்துக்கொண்டே கையசைத்தார். அண்ணன் உங்களைப் பார்த்தார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். வால்வு திறந்தது. எதிர்க் கடைக்காரர் மேலே பார்த்து, "அப்பாடா" என்றார்.

அன்று முதல் உங்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. மாதக் கூட்டத்தில் சம்பளம், சோப்பு, எரிபொருள் என்று செலவுகளை வாசித்து முடித்துவிட்டு, கடைசியில் குரல் உயர்த்தாமல் "கூரைக்கு" என்று ஒரு தொகை சொல்வீர்கள். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு மாதமும் நீங்கள் அதை விட்டதில்லை.

பிறகு எரிபொருள் விலை ஏறியது. மருத்துவமனை ஆர்டருக்கு விலை கேட்டார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சலவை ஆலையும் விலை கொடுத்தது. நமக்குக் குழாய் போட்ட அதே ஆள்தான் அவர்களுக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். அவர்கள் வால்வைத் திறக்கவில்லை. ஆர்டர் அவர்களுக்குப் போனது. கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள். கூரைக்குப் போனதை மொத்தத் துணிக்கும் பங்கிட்டால் எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அவ்வளவு. நாம் தோற்றது சில்லறையில்தான், மேடம்.

இஸ்திரிக் கூடத்தில் பாதி உருளைகளை நிறுத்தினார்கள். அக்காவும் அவரோடு வேலை செய்த பெண்களும் கணக்கு முடித்துக்கொள்ள உங்கள் மேசைக்கு வந்தார்கள். அலமாரிச் சாவியை வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "நீங்க சொன்ன வழி மேலயே இருந்துச்சு மேடம். நாங்கதான் கீழ நின்னுட்டோம். உங்கமேல வருத்தமில்ல."

அவர்கள் போன பிறகும் நீங்கள் அந்தச் சாவியை எடுத்து வைக்கவில்லை. சாயங்காலம் முதலாளி வந்து நின்றார். எங்களில் எவராக இருந்தாலும் அன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்டிருப்போம்.

"மேடம்... வால்வ மூடச் சொல்லிடுங்க."

"சரி சார்" என்றீர்கள். எழுந்து பாய்லர் அறைக்கு நீங்களே நடந்தீர்கள்.

கண் கெட்ட பிறகு வந்த வெளிச்சம்தான். ஆனாலும் அந்த வெளிச்சத்தில்தான் மிஞ்சியவர்கள் பிழைத்தோம். எரிபொருள் செலவு குறைந்ததை வங்கிக்குக் காட்டிக் கடன் தவணையைத் தள்ளி வாங்கினீர்கள். முதலாளியையே விடுதி விடுதியாக அழைத்துப் போய், "எங்க கூரையில புகை வராது, அதனாலதான் எங்க விலை கம்மி" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தீர்கள். மீந்த உருளைகள் ஓடின. சரியாகச் சொன்னவர் என்று உங்களை நாங்கள் பாராட்டும்போதெல்லாம் உங்கள் முகம் இருண்டது. சொன்னது பலித்தது என்று மகிழ முடியாத இடத்தில் உங்களை நிறுத்திவிட்டோம்.

சிந்தாமல் சிதறாமல் எங்கள் சோற்றைக் காத்தவரே! உங்கள் உடல் நலமாக இருக்கட்டும். உறக்கம் தடையின்றி வரட்டும். உங்கள் வீட்டுக் குழாய் சொட்டினாலும் இனிக் கொஞ்ச நேரம் சொட்ட விட்டு உட்கார்ந்திருங்கள். நீங்கள் இழந்ததையெல்லாம் கணக்குப் பார்க்காத நெடிய நாட்கள் உங்களுக்கு வாய்க்கட்டும்.

மற்றவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். முதலாளி இப்போதெல்லாம் மாதக் கூட்டத்தில் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. அவருடைய மாமனார் காலமாகிவிட்டார். கடைசிவரை ஆலை நொடித்துப்போனதாகவே நம்பினார். தேநீர்க் கடைக்காரர் கடையை மகளிடம் விட்டுவிட்டார். பாய்லர் அண்ணனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இதை வாசிக்கும்போது அவருக்காகக் கொஞ்சம் உரக்க வாசிக்கிறோம். இஸ்திரி அக்கா பாலத்துக்கு அப்பாலுள்ள ஆலையில் வேலை செய்கிறார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று அவரோடு போன பெண்களில் நால்வர் அவருடன் இருக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. அந்த அலமாரிச் சாவி இன்னும் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கூரையில் புகை இல்லை. ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்ஙனம்,
இன்னும் இங்கே வேலை செய்கிறவர்களும், முன்பு செய்தவர்களும்